நாலாவது மோட்டாரின் நாலு கேபிள்கள்

சென்ற மாதம் ஜெனிபர் போன் செய்தாள். டீசல் ஷெட்டில் பல வருஷம் எனக்குப் பக்கத்து பெஞ்சில் வேலை பார்த்தவள், சுரண்டைக்காரி. எங்கள் பாதையில் மேலே மின்கம்பி வந்த பிறகு அவளை மின்சார இன்ஜின் பக்கம் மாற்றிவிட்டார்கள். நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுத் தென்காசியில் வீட்டோடு இருக்கிறேன்.

“யக்கா, இங்கன புதுசா வந்திருக்க பிள்ளைய, டீசல்ல ஓடுற இன்ஜினுக்கு எலெக்ட்ரிக்கல் ஆளு எதுக்குன்னு கேக்குதுவ. நீங்க அந்த மலையில நடந்ததை எழுதிக் குடுங்க. நான் சொன்னா கதை விடுதேன்னு நினைக்காவ.”

கேட்டது நியாயமான கேள்விதான். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கும் அது தெரியாது. இந்த வகை வண்டியில் டீசல் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுவதே இல்லை. அது சுற்றுவது ஒரு பெரிய ஜெனரேட்டரை. அதிலிருந்து வரும் கரண்ட் கீழே இறங்கி ஆறு மோட்டார்களுக்குப் போகிறது. அச்சுக்கு ஒரு மோட்டார். மோட்டாரின் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம், அச்சில் உள்ள பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும், வண்டி நகரும். மேலே உறுமுவது டீசல், கீழே இழுப்பது கரண்ட். அந்தக் கரண்ட் போகிற வழிதான் என் வேலை.

என் பெயர் இசக்கியம்மாள். என் வீட்டுக்காரர் அதே ஷெட்டில் ஃபிட்டராக இருந்தார். ஒருநாள் அவர் இன்ஜினுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது தெரியாமல் மேலே இருந்தவர் வண்டியை நகர்த்திவிட்டார். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. வாரிசு வேலை எனக்குக் கொடுத்தார்கள். எண்ணெய் துடைக்கிற பஞ்சு வேஸ்ட் சுமந்தேன், கேபிளுக்கு டேப் சுற்றப் பழகினேன், பரீட்சை எழுதினேன், டெக்னீசியன் ஆனேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இன்ஜினுக்கு அடியில் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதை யாரிடமும் சொன்னதில்லை. போகாமலும் இருந்ததில்லை.

ஒவ்வொரு மோட்டாரிலிருந்தும் நாலு கேபிள் வெளியே வரும், ஒவ்வொன்றும் கட்டைவிரலைவிடப் பருமன். இரண்டு, உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சருக்கு. இரண்டு, சுற்றாமல் நிற்கிற ஃபீல்டுக்கு. ஆர்மேச்சரில் கரண்ட் போகிற திசையை அப்படியே விட்டுவிட்டு ஃபீல்டில் மட்டும் திருப்பினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். வண்டியை முன்னே ஓட்டுவதும் பின்னே ஓட்டுவதும் இப்படித்தான். ஆகவே ஆறில் ஒரு மோட்டாருக்கு மட்டும் அந்த இரண்டு கேபிளையும் மாற்றிப் போட்டுவிட்டால் ஐந்து முன்னே இழுக்கும், ஒன்று பின்னே இழுக்கும்.

அப்படி ஒரு தடவை நடந்தது. மரியதாஸ் சார் எங்கள் பிரிவுக்குப் பொறியாளராக வந்த புதிது. என்னைவிடப் பத்து வயது இளையவர், கீழப்பாவூர் பக்கம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மோட்டார் மாற்றிய இன்ஜினை ஜாக்கியில் தூக்கி வைத்து, வெல்டிங் செட்டிலிருந்து கொஞ்சம் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு சக்கரமும் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்பது வழக்கம். சக்கரத்துக்கு ஓர் ஆளாக எங்களை நிறுத்தினார். சோதனை முடிந்ததும் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“சார், எல்லாம் சரியா இருக்கும்னுதான் எனக்குத் தோணுது” என்றார் மூத்த ஃபிட்டர் ஒருவர்.

“தோணுறது வேண்டாம் அண்ணாச்சி. வீல் எந்தப் பக்கம் சுத்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க.”

அவர் மறுபடி பார்த்தார். எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது. மரியதாஸ் சார் சத்தம் போடவில்லை. கேபிளைக் கழற்றி மாற்றச் சொன்னார். மாற்றியதும் மறுபடி எல்லாரையும் அதே இடத்தில் நிறுத்தி, சரியாக இருந்த ஐந்தையும் சேர்த்து ஆறையும் முதலிலிருந்து பார்த்தார். அவர் குணம் அது. அவரோடு வேலை பார்ப்பது பலருக்கு எரிச்சல். எனக்கு ஒரு தைரியம்.

இன்னும் ஒரு விஷயம் சொல்லிவிட்டால் மலைக்குப் போய்விடலாம். கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் லைட்டில் ஒரு பல்பு போனால் சரமே அணைந்துவிடும். வீட்டில் அப்படி இல்லை. அடுப்படி பல்பு போனாலும் வாசல் பல்பு எரியும். எங்கள் பழைய வகை இன்ஜினில் இரண்டும் உண்டு. வண்டி கிளம்பி மெதுவாக ஏறும்போது மோட்டார்கள் இரண்டிரண்டாகச் சீரியலில் இருக்கும். அந்த மூன்று ஜோடிகளும் வீட்டு பல்பு மாதிரி தனித்தனி. வேகம் பிடித்த பிறகு ஆறும் தனித்தனியாகப் பிரியும். ஏற்றத்தில் ஒரு மோட்டாருக்குக் கரண்ட் போகாமல் அதை விலக்கி வைத்தால் அதன் ஜோடியும் சேர்ந்து போய்விடும், மூன்றில் ஒரு பங்கு இழுவை குறையும். இன்னொன்றும் போகும். ஒரு சக்கரம் வழுக்கினாலோ சுற்றாமல் நின்றாலோ டிரைவர் முன்னால் ஒரு விளக்கு எரியும். ஜோடியிலுள்ள இரண்டு மோட்டாரையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது எரிகிறது. ஜோடியே விலகிவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை.

குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்த நாள். விடியற்காலையிலிருந்து சாரல். கொல்லம் போகிற வண்டியில் நிற்க இடமில்லை. அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் ஈரத் துண்டுகளை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். பெட்டி முழுக்க எண்ணெய் வாசம்.

அந்த இன்ஜினைப் பற்றி ஏற்கெனவே புகார் வந்திருந்தது. மலை ஏறும்போது வழுக்கல் விளக்கு மினுங்குகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது என்று. ஷெட்டில் நிறுத்திப் பார்த்தோம், ஒன்றும் சிக்கவில்லை. “நிக்கயில எல்லா இன்ஜினும் நல்லாத்தான் இருக்கும் யக்கா. ஏறயில பாப்போம்” என்று மரியதாஸ் சார் என்னைக் கூட்டிக்கொண்டு தென்காசியில் ஏறினார். ஓட்டியவர் சசிதரன், புனலூர்க்காரர், அந்த மலைப்பாதையை வீட்டு முற்றம்போல் அறிந்தவர். செங்கோட்டையில் வண்டிக்குப் பின்னால் தள்ளுவதற்கு இன்னொரு இன்ஜின் மாட்டினார்கள்.

பகவதிபுரம் தாண்டியதும் ஏற்றம். விளக்கு மினுங்கியது, அணைந்தது. மறுபடி எரிந்தது, இந்தத் தடவை அணையவில்லை. அடுத்த வளைவில் மணி அலறியது. இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கிவிட்டது. எங்கோ கரண்ட் இரும்பில் இறங்கினால் எர்த் ரிலே விழும். விழுந்தால் மோட்டார்களுக்குப் போகிற கரண்ட் நின்றுவிடும். சசிதரன் ரிலேயைத் தூக்கிவிட்டார். நகர்ந்தது. மறுபடி மணி. வண்டி நின்றது.

நின்ற இடம் சரியில்லை. ஒரு பக்கம் பாறையை வெட்டிய சுவர், அதில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவ்வப்போது ஒரு கல் உருண்டு வந்து வாய்க்காலில் விழுந்தது. மறுபக்கம் சரிவு, கீழே மரங்களின் தலை மட்டும் தெரிந்தது.

மரியதாஸ் சார் மோட்டார்களை ஒவ்வொன்றாக விலக்கிச் சோதித்தார். ஜோடி இழுக்காமல் போனாலும் அதன் ஒரு முனை ஜெனரேட்டரோடுதான் இருக்கும், ஆகவே பழுதான மோட்டாரையே விலக்கினால்தான் மணி நிற்கும். முதலாவதை விலக்கி கரண்ட் கொடுத்தார், மணி அடித்தது. அதைச் சேர்த்துவிட்டு இரண்டாவது, மணி. மூன்றாவதற்கும் மணி. நாலாவதை விலக்கியபோது மணி அடிக்கவில்லை. விளக்கும் அணைந்துவிட்டது.

சசிதரன் பெருமூச்சு விட்டார். “போதும் சாரே, பெல் நின்னு. பின்னால வேற இன்ஜின் தள்ளுதல்லே, மெல்லெ மேலெ கேறிட்டா போதும். உச்சியிலெ குகை தாண்டினா பின்னெ எறக்கம்தானே, மோட்டாரே வேண்டா.”

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. மரியதாஸ் சார் அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யக்கா, எறங்குங்க. வண்டி கொஞ்சம் போல நகரும். நாலாவது வீல மட்டும் பாருங்க.”

“விளக்குதான் அணைஞ்சிட்டே சார்?”

“நாமல்லா அணைச்சிருக்கோம். இனி அந்த வீலுக்கு நம்ம கண்ணுதான் விளக்கு.”

ஏணிப்படியில் இறங்கினேன். ஜல்லியில் கால் வழுக்கியது. ஈரத்தில் சாக்பீஸ் பிடிக்காது என்பதால் கிரீஸை விரலில் அள்ளி மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது சக்கரங்களின் முகத்தில், உச்சியில், ஒவ்வொரு கோடு இழுத்தேன். கையை உயர்த்தினேன். இன்ஜின் உறுமியது. பின்னாலிருந்து தள்ளல் வந்து பெட்டிகள் ஒவ்வொன்றாக முட்டிக்கொண்டன. வண்டி நகர்ந்தது.

மூன்றாவது சக்கரத்தின் கோடு சாய்ந்தது, கீழே போனது. ஐந்தாவதின் கோடும் கீழே போனது. நாலாவதின் கோடு உச்சியிலேயே இருந்தது. வண்டியோடு நானும் பக்கத்தில் நடந்தேன். மற்ற இரண்டு கோடும் ஒரு சுற்று முடித்து மேலே வந்துவிட்டன. அது அசையவில்லை. சக்கரம் சுற்றாமல் தண்டவாளத்தில் இழுபட்டுக்கொண்டு வந்தது. மெல்லிய கீச்சொலி, ஈரத்தையும் மீறி ஒரு தீய்ந்த வாடை. நான் இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த துணை ஓட்டுநர் கையைப் பார்த்துவிட்டார். வண்டி நின்றது.

மரியதாஸ் சார் இறங்கி வந்தார். “என்ன பாத்திய?”

“மூணு சுத்துது, அஞ்சு சுத்துது. நாலு சுத்தல. இழுத்துக்கிட்டு வருது சார்.”

அவர் குனிந்து பல்சக்கரப் பெட்டியையும் மோட்டாரையும் தொட்டுப் பார்த்தார். மோட்டாரின் ஓரத்தில் கை வைக்க முடியவில்லை. உள்ளே பேரிங் இறுகியிருக்கிறது. முதலில் சூடேறும்போது மட்டும் பிடித்தது, அதனால்தான் ஷெட்டில் தெரியவில்லை. பிறகு ஆர்மேச்சர் உரசிக் கம்பிமேல் உள்ள காப்பு உறை கிழிந்து கரண்ட் இரும்பில் இறங்கியது. இப்போது முழுசாகப் பூட்டிக்கொண்டது. கரண்டை நிறுத்தினாலும் பல்லோடு பல் கோத்திருப்பதால் அச்சும் சுற்றாது.

சசிதரன் விடவில்லை. பின்னால் செங்கோட்டையில் இன்னொரு ரயில் வழிக்குக் காத்திருந்தது, மேலே கல் விழுந்துகொண்டிருந்தது. “சாரே, ஈ எடத்துல நிக்கறதும் ஆபத்தாணு. ஆரியங்காவு வரெ இழுத்துட்டுப் போயிடலாம்.”

“சேட்டா, சுத்தாத வீலு ஒரே எடத்துல தேயும். தேஞ்ச இரும்பு ஓரத்துல பிதுங்கி நிக்கும். அங்கிட்டு எறக்கத்துல அத்தன வளைவு இருக்கு. ஏதாவது ஒண்ணுல அது தண்டவாளத்து மேல ஏறிச்சுன்னா? பின்னால எத்தன பெட்டி இருக்கு, பாத்தீங்கல்லா?”

சசிதரன் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். 

போனில் ஒரு அதிகாரி பேசினார். குரல் வெளியே கேட்டது. மோட்டாரைத்தான் விலக்கியாகிவிட்டதே, மெதுவாகக் கொண்டுவர என்ன தடை என்றார். மரியதாஸ் சார் மூன்று தடவை அதே பதிலைச் சொன்னார். “வீல் சுத்தல சார். பக்கத்துல நின்னு சொல்லுதேன். வீல் சுத்தல.” கடைசியில், “உங்கள் பொறுப்பு” என்று குரல் அடங்கியது. “ஆமா சார், என் பொறுப்பு” என்றார்.

முன் இன்ஜினுக்கு ஹேண்ட் பிரேக்கைச் சுற்றி, சக்கரங்களுக்குக் கட்டை அடித்து, பெட்டிகளைக் கழற்றினோம். பின்னால் இருந்த இன்ஜின் அவற்றைப் பகவதிபுரத்துக்கே இறக்கிக்கொண்டு போயிற்று. ஜன்னல்களில் ஒவ்வொரு முகமாக எங்களைக் கடந்து கீழே போனது. நாங்கள் தனியாக நின்றோம்.

மதியத்துக்குமேல் மீட்புக் குழு கேஸ் கட்டரோடு வந்தது. மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தை வெட்டி எடுத்தால் அச்சு விடுபடும். நெருப்பு வைக்கும் முன்னால் அந்த மோட்டாரின் நாலு கேபிளையும் கழற்றி, முனைகளை ஒன்றோடொன்று படாமல் கட்ட வேண்டும். இன்ஜினையும் அணைக்க முடியாது. அணைத்தால் பிரேக்குக்குக் காற்று போய்விடும். ஏற்றத்தில் நிற்கிற இன்ஜின் அது. ஆகவே மேலே டீசல் ஓடிக்கொண்டிருக்க, கீழே ஒருவர் படுத்துக் கேபிளைக் கழற்ற வேண்டும். அது என் வேலை.

குனிந்தேன். கால் நகரவில்லை. மரியதாஸ் சார் அதைப் பார்த்தாரா, தெரியாது. மேலே ஏறிப் போனார். வண்டி முன்னே போவதா பின்னே போவதா என்று தேர்ந்தெடுக்க ரிவர்சர் ஹேண்டில் என்று ஒரு கைப்பிடி உண்டு. அதை உருவி எடுத்துவிட்டால் யார் என்ன செய்தாலும் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. அதை உருவிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

“இது ஒங்க பையில இருக்கட்டும். நீங்க வெளிய வந்து, நீங்களா குடுத்தா போதும். சசியேட்டன் பிரேக்குல கை வச்சிருக்காரு. நான் இந்தக் கட்டை பக்கத்துலதான் நிப்பேன்.”

சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் பூட்டினேன். அடியில் போனேன்.

ஈர ஜல்லியில் மல்லாந்து படுத்தேன். முகத்துக்கு நேரே மோட்டார், அதன் அனல். கேபிளின் இணைப்புகளில் டேப் உருகிப் பாகுபோல ஒட்டியிருந்தது. கத்தியால் கீறினேன். முதல் நட்டு சுலபமாக வந்தது. இரண்டாவது இறுகியிருந்தது, ஸ்பேனரில் உடம்பின் பாரத்தைப் போட்டேன். மேலே இன்ஜினின் அதிர்வு ஜல்லி வழியாக முதுகில் ஏறியது. ஆர்மேச்சர் கேபிள் இரண்டையும் பிரித்துக் கட்டினேன். ஃபீல்டில் ஒன்றை எடுத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டியபோது வெளியே பேச்சுக் கேட்டது. புதுக் குரல், மீட்புக் குழுவோடு வந்த அதிகாரி.

“வண்டிய ஒரு பொட்டு முன்ன தள்ளுனா பல்லு லூசாகும்ல? வெட்ட லேசா இருக்கும். ரிவர்சர் ஹேண்டில எங்க? குடுங்க.”

என் கை ஸ்பேனரில் அப்படியே நின்றுவிட்டது.

“என்கிட்ட இல்ல சார்” என்றார் மரியதாஸ் சார்.

“சசிதரன்கிட்டயா?”

“இல்ல சார். அடியில ஆள் படுத்திருக்காங்க. அவங்க பையில இருக்கு.”

 அந்த அதிகாரி குனிந்து என்னைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், அடியில் ஆள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. “சரிம்மா. நீங்க முடிங்க” என்றார். குரல் மாறியிருந்தது.

அந்த நாலாவது நட்டைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கழற்றினேன், முனையைச் சுற்றினேன், கட்டினேன், வெளியே வந்தேன். ஹேண்டிலை மரியதாஸ் சாரிடம் கொடுக்கும்போது என் விரல் விரியவில்லை. அவர் அவசரப்படாமல் கையை நீட்டிக்கொண்டே நின்றார்.

பிறகு கேஸ் கட்டர்காரர் சுடலை உள்ளே போனார். பல்சக்கரப் பெட்டியின் அடிப்பாகத்தைக் கழற்றி நெருப்பு வைத்தார். பாறைச்சுவர் முழுக்க நீல வெளிச்சம் அடித்தது. பொறி பறந்தது. அதுவரை பூட்டிய சக்கரமும் சேர்ந்துதான் இன்ஜினைப் பிடித்திருந்தது. அது விடுபடும் நேரத்தில் பிரேக்கும் கட்டையும் மட்டும்தான். எல்லாருக்கும் அது தெரியும். “போகுது!” என்று சுடலை கத்தினார். அடியில் எதுவோ டங்கென்று விழுந்தது. இன்ஜின் ஒரு விரல் பின்னால் வந்தது. கட்டை முறுகியது. சசிதரன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஏதோ சாமியைக் கூப்பிட்டார். நின்றது. சுடலை தவழ்ந்து வெளியே வந்து, ஜல்லியில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைக்கப் பார்த்தார். மூன்று தீக்குச்சி நமுத்துப்போயின.

கட்டையை எடுத்து, மெதுவாக, ஆள் நடக்கிற வேகத்தில் இன்ஜினைக் கீழே இறக்கினோம். நாலாவது சக்கரத்தில் என் கிரீஸ் கோடு பாதி அழிந்து இருந்தது. அது கீழே போய் மேலே வருவதைப் பார்த்துக்கொண்டே பகவதிபுரம்வரை பக்கத்தில் நடந்தேன்.

விசாரணை நடந்தது. வண்டியை நிறுத்தியது ஏன் என்று மரியதாஸ் சாருக்கு மெமோ வந்தது. பிறகு அந்த அச்சைக் கழற்றி ஷெட்டில் வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு குறைந்த தூரத்துக்கே சக்கரத்தில் ஓரிடம் பலகைபோல் தட்டையாகியிருந்தது, ஓரத்தில் இரும்பு பிதுங்கி நின்றது. மெமோ அதோடு போயிற்று. பாராட்டும் வரவில்லை.

எனக்கு அதிகம் நினைவிருப்பது அன்று சாயங்காலம் பகவதிபுரம் ஸ்டேஷன். பெட்டிகள் அங்கேயே நின்றிருந்தன. சேறும் கிரீஸுமாக நாங்கள் பிளாட்பாரத்தில் ஏறியதும் பயணிகள் சூழ்ந்துகொண்டார்கள். காலையிலிருந்து பிள்ளைகளுக்குச் சோறு இல்லை என்றாள் ஒருத்தி. புனலூரில் கல்யாண நிச்சயத்துக்குப் போக வேண்டியவர், கேஸ் போடுவேன் என்றார். “வண்டிய ரிப்பேர் பாக்கத் தெரியாதவனுக்கெல்லாம் சம்பளம்” என்று ஒருவர் மரியதாஸ் சாரின் முகத்துக்கு நேரே கை நீட்டிச் சொன்னார். சார் எல்லாரிடமும், “மன்னிக்கணும், வேற இன்ஜின் வந்துட்டு, இப்ப கெளம்பிரும்” என்று மட்டும் சொன்னார்.

வேறு இன்ஜின் மாட்டினார்கள். விசில் ஊதியது. வண்டி கிளம்பும்போதும் ஜன்னல்களிலிருந்து திட்டிக்கொண்டே போனார்கள். ஒரு குழந்தை மட்டும் கையாட்டியது. மரியதாஸ் சார் ஜன்னல்களைப் பார்க்கவில்லை. கீழே உருளுகிற சக்கரங்களை, கடைசிப் பெட்டி தாண்டும்வரை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“இந்தப் பேச்சு பேசிட்டுப் போறாவளே சார். என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். 

“திட்டட்டும் யக்கா” என்றார். “திட்டுததுக்கு அத்தன பேரும் இருக்காவல்லா.”